மதிப்பெண் யாருடையது?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அரசின் பொறுப்பில் நடைபெறும் நடுநிலைப் பள்ளி ஒவ்வொன்றைக் குறித்தும் ஆண்டுதோறும் ஓர் அறிக்கை வெளியாகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை, ஏறத்தாழப் பதினொரு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பயிலும் பள்ளிகள் அவை. அறிக்கையின் முதற்பட்டியல், அங்கே பயிலும் பிள்ளைகள் யார் என்பதைச் சொல்லும்: வெள்ளையர் நூற்றுக்கு இத்தனை பேர், கறுப்பர் இத்தனை பேர், ஸ்பானிய மரபினர் இத்தனை பேர், ஆசியர் இத்தனை பேர், ஆங்கிலத்தை இனிமேல்தான் கற்றுக்கொள்ள வேண்டியவர் இத்தனை பேர், வறுமை காரணமாக இலவச உணவு பெறுவோர் இத்தனை பேர். இரண்டாம் பட்டியல், வாசிப்பிலும் கணிதத்திலும் எத்தனை பேர் தேறினர் என்பதைச் சொல்லும். இவ்விரண்டையும் பிணைத்து மூன்றாவதாக ஒரு பட்டியலும் உண்டு. எந்த இனத்துப் பிள்ளைகள், எத்தகைய வீட்டுப் பிள்ளைகள், எவ்வளவு தேறினர் என்பது அதில் கட்டம் கட்டமாகக் காட்டப்பட்டிருக்கும்.

இந்த மூன்றாம் பட்டியலைப் பற்றியே நாம் இங்கு சிந்திக்க விழைகிறோம். ஒரு பிள்ளையின் கணக்கறிவுக்கும், அதன் பாட்டனார் எந்தக் கண்டத்திலிருந்து வந்தார் என்பதற்கும் என்ன உறவு? பிறப்பையும் மதிப்பெண்ணையும் அருகருகே வைத்து அச்சிடுவது நீதியா, அநீதியா? அமெரிக்க மக்கள் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இக்கேள்வியோடு மல்லாடி வருகின்றனர். அவர்களுடைய அனுபவம் நமக்கும் பயன்படக்கூடியது. ஏனெனில் எண்ணப்படும் சமுதாயங்களுள் நாமும் ஒன்று.

அநீதி என்பாரின் வாதத்தை முதலில் கேட்போம். அதில் வலு இருக்கிறது. எந்தத் தாயும் தன் பிள்ளையை ஒரு கூட்டத்தின் சராசரியாகப் பெற்றெடுப்பதில்லை. முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் சிறுமி இரவெல்லாம் விழித்துப் பின்னக் கணக்குகளைக் கற்றிருக்கலாம். ஆனால் அறிக்கையைப் படித்துவிட்டு வகுப்புக்குள் நுழையும் ஆசிரியர், அவளைக் காண்பதற்கு முன்பே அவளுடைய கட்டத்தைக் கண்டுவிடுகிறார். 'இவ்வகைப் பிள்ளைகள் நூற்றுக்கு முப்பது பேர்தான் தேறுவார்கள்' என்ற எண்ணம் நெஞ்சில் படிந்துவிட்டால், அவர் கேட்கும் கேள்வியும் தாழ்ந்துவிடும். விடைக்காகக் காத்திருக்கும் நேரமும் குறைந்துவிடும். பிள்ளைகள் இதை உணரமாட்டார்கள் என்று எண்ணுவது பெரியவர்களின் பேதைமை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன் ஆசிரியரின் முகத்தைப் புத்தகத்தைவிடத் தெளிவாகப் படிக்கும்.

வீடு வாங்குவோரின் செயலும் இத்தகையதே. அந்நாட்டில் வீடு விற்பனை விளம்பரங்களில் படுக்கையறை எத்தனை, குளியலறை எத்தனை என்ற விவரத்தோடு, அந்தத் தெருப் பிள்ளைகள் செல்லவேண்டிய அரசுப் பள்ளிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பு என்பதும் சேர்ந்தே வரும். அந்த மதிப்பு பெரும்பாலும் தேர்வு முடிவுகளிலிருந்து கணக்கிடப்படுவது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் தொடக்கப் பள்ளிகளை வைத்து 1999ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு, பள்ளியின் தேர்வு மதிப்பெண் 5 சதவிகிதம் உயர்ந்தால் பெற்றோர் வீட்டுக்கு 2.5 சதவிகிதம் கூடுதல் விலை கொடுக்க முன்வருகின்றனர் என்று கண்டது. மதிப்பெண் உயர்ந்த இடத்தில் வீட்டு விலை உயர்கிறது. விலை உயர்ந்த இடத்தில் வசதி படைத்தோர் மட்டுமே குடியேறுகின்றனர். அவர்களுடைய பிள்ளைகளால் மதிப்பெண் மேலும் உயர்கிறது. அங்கே குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களும் இந்தச் சுழலுக்கு வெளியே நிற்கவில்லை. மாப்பிள்ளைக்கு வேலை மாற்றலானதும் அவர்கள் முதலில் விசாரிப்பது பள்ளியின் எண்ணைத்தான். தம் பிள்ளைக்கு நல்லதை நாடுவது பெற்றோரின் கடமை. அதனைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆயினும் அந்த எண் உண்மையில் எதனை அளக்கிறது என்று ஒரு கணம் நின்று கேட்டவர் எத்தனை பேர்?

இனி, எண்ணியே தீரவேண்டும் என்பாரின் வாதத்தைப் பார்ப்போம். இது வரலாற்றிலிருந்து பிறந்த வாதம்.

வெள்ளைப் பிள்ளைகளையும் கறுப்புப் பிள்ளைகளையும் சட்டத்தின் பெயரால் தனித்தனிப் பள்ளிகளில் அமர்த்துவது அரசியலமைப்புக்கு முரணானது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1954 மே 17இல் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்து பத்தாண்டுகள் சென்றும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 1964ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், கல்வி வாய்ப்பில் உள்ள ஏற்றத்தாழ்வுகளை ஆராய்ந்து அறிக்கை தருமாறு பணித்தது. சமூகவியலறிஞர் ஜேம்ஸ் கோல்மன் தலைமையிலான குழுவினர் சுமார் 4,000 பள்ளிகளில், 6 லட்சத்துக்கு மேற்பட்ட மாணவரிடையே ஆய்வு நடத்தி 1966இல் தம் அறிக்கையை வெளியிட்டனர். கறுப்பர் பள்ளிகளில் கட்டடமும் புத்தகமும் குறைவாயிருப்பதே காரணம் என்று அது சொல்லும் எனப் பலரும் எதிர்பார்த்திருந்தனர். அறிக்கை வேறொன்றைச் சொல்லிற்று. பள்ளியின் கட்டடம், நூலகம், செலவு ஆகியவற்றைவிட, பிள்ளை எந்த வீட்டிலிருந்து வருகிறது என்பதும், பக்கத்தில் அமர்ந்து படிக்கும் பிள்ளைகள் எத்தகைய வீடுகளிலிருந்து வருகின்றனர் என்பதுமே மதிப்பெண்ணை மிகுதியாக நிர்ணயிக்கின்றன என்று அது கண்டது.

இதைச் சிலர் 'பள்ளியால் ஆவது ஒன்றுமில்லை' என்று திரித்துப் பேசினர். வேறு சிலர், 'ஏழைப் பிள்ளைகளை ஏழைகளோடு மட்டுமே அடைத்து வைப்பதுதான் தீங்கு' என்று சரியாகவே புரிந்துகொண்டனர். ஒரே எண்ணிலிருந்து சோம்பேறிக்கு ஒரு சமாதானமும் பொறுப்புள்ளவனுக்கு ஒரு கடமையும் கிடைத்தன. எண்களின் இயல்பு அவ்வளவே. அவை வாய் திறந்து பேசுவதில்லை, நாம்தான் அவற்றுக்கு வாயாகிறோம்.

எண்ணாமல் விட்டால் என்ன நேரும் என்பதற்கு ஒரு சிறு கணக்கு. ஒரு பள்ளியில் நூறு பிள்ளைகள். தொண்ணூறு பேர் வெள்ளையர், பத்துப் பேர் கறுப்பர். தொண்ணூற்றில் எண்பத்தொரு பேரும், பத்தில் இரண்டு பேரும் தேறினர் என்று வைத்துக்கொள்வோம். பள்ளியின் தேர்ச்சி 83 சதவிகிதம். ஊரார் மெச்சுவர், தலைமையாசிரியர் மாலை சூட்டப்பெறுவார். தோற்றுப்போன எட்டுக் கறுப்புப் பிள்ளைகளைப் பற்றி எவரும் வினவப்போவதில்லை. அவர்கள் சராசரிக்குள் புதைக்கப்பட்டுவிட்டனர். நெடுங்காலம் இதுவே நடந்தது. அதனால்தான் 2002 ஜனவரியில் கையெழுத்தான கல்விச் சட்டம் மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் தேர்வு நடத்த வேண்டும் என்றும், முடிவுகளை ஒவ்வொரு பிரிவினருக்கும் தனித்தனியே வெளியிட வேண்டும் என்றும் விதித்தது. ஒரு பிள்ளையும் பின்தங்க விடப்படலாகாது என்ற கருத்தையே அச்சட்டம் தன் பெயராகவும் சூடிக்கொண்டது. இரு கட்சியினரும் சேர்ந்து நிறைவேற்றிய சட்டம் அது. அதன் குறைகளைப் பின்னர்ச் சொல்வோம். ஆனால் பிரித்துக் காட்டு என்று சொன்ன அந்த ஒரு விதி, நீதியின் பக்கம் நின்ற விதி என்பதே நம் கருத்து. (இதிலும் ஓர் ஓட்டை இருந்தது. ஒரு பிரிவில் முப்பது பேருக்கோ நாற்பது பேருக்கோ குறைவாக இருந்தால் அப்பிரிவைத் தனியே கணக்கில் கொள்ள வேண்டியதில்லை என்று மாநிலங்கள் வரம்பு வைத்துக்கொண்டன. மேலே சொன்ன பத்துப் பிள்ளைகள் அந்த ஓட்டை வழியாக மீண்டும் மறைந்துபோவர்.)

சராசரி மறைப்பது மட்டுமன்று. பொய் சொல்லவும் வல்லது. விஸ்கான்சின், டெக்சாஸ் என்ற இரு மாநிலங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். 2009இல் நடைபெற்ற தேசிய மதிப்பீட்டில், நடுநிலைப் பள்ளியின் இறுதி வகுப்பான எட்டாம் வகுப்பின் கணிதத்தில், விஸ்கான்சின் 288 புள்ளியும் டெக்சாஸ் 287 புள்ளியும் பெற்றன. விஸ்கான்சின் ஒரு மயிரிழை முந்தியது என்றே எவரும் சொல்வர். பிரித்துப் பார்த்தால் வேறு காட்சி தெரியும். வெள்ளைப் பிள்ளைகளில் டெக்சாஸ் 301, விஸ்கான்சின் 294. கறுப்புப் பிள்ளைகளில் டெக்சாஸ் 272, விஸ்கான்சின் 250. ஸ்பானிய மரபினரிலும் டெக்சாஸே மேல். ஒவ்வொரு பெரிய பிரிவிலும் முந்திய மாநிலம், மொத்தத்தில் எப்படிப் பிந்தியது? விஸ்கான்சினில் வெள்ளையர் மிகுதி. டெக்சாஸில் ஸ்பானிய மரபினரும் கறுப்பரும் மிகுதி. மொத்தச் சராசரி, பள்ளிகள் என்ன கற்பித்தன என்பதைவிடப் பள்ளிக்குள் யார் நுழைந்தனர் என்பதையே பெரிதும் சொல்லிற்று.

ஆகவே மூன்றாம் பட்டியல் இல்லாவிட்டால் பொய்யை நம்புவோம். இருந்தாலோ பிள்ளையை அதன் கட்டத்துக்குள் அடைத்துவிடுவோம். இவ்விரண்டுக்கும் இடையில்தான் நாம் வழி காண வேண்டியிருக்கிறது.

வழி காண்பதற்கு முன், மதிப்பெண்ணுக்குள் என்னவெல்லாம் கலந்திருக்கின்றன என்று பார்ப்பது நலம். அந்நாட்டில் அரசுப் பள்ளிகளுக்கான பணத்தில் கணிசமான ஒரு பகுதி அந்தந்த வட்டாரத்து வீட்டுவரியிலிருந்து வருகிறது. டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் எட்ஜ்வுட் என்றொரு வட்டாரம். பெரும்பாலோர் மெக்சிகோ மரபைச் சேர்ந்த ஏழைத் தொழிலாளர். அதே நகரில் ஆலமோ ஹைட்ஸ் என்ற செல்வர் வட்டாரமும் உண்டு. 1967-68ஆம் கல்வியாண்டில், எட்ஜ்வுட் மக்கள் தம் சொத்தின் மதிப்பில் நூறு டாலருக்கு 1.05 டாலர் வரி செலுத்தினர். அந்நகர்ப்புறத்திலேயே மிகக் கூடிய வரி அதுதான். அதிலிருந்து பிள்ளை ஒன்றுக்குக் கிடைத்தது 26 டாலர். ஆலமோ ஹைட்ஸ் மக்கள் 85 சென்ட் மட்டுமே செலுத்தினர். பிள்ளை ஒன்றுக்குக் கிடைத்ததோ 333 டாலர். ஏழைகள் தம் பிள்ளைகளின் படிப்பில் அக்கறையற்றவர்கள் என்று சொல்வோர் இந்த நான்கு எண்களையும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். எட்ஜ்வுட் பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். 1973இல் உச்ச நீதிமன்றம், நான்கு நீதிபதிகள் மாறுபட ஐந்து நீதிபதிகளின் வாக்கால், கல்வி அந்நாட்டு அரசியலமைப்பு உறுதியளிக்கும் அடிப்படை உரிமையன்று என்று கூறி வழக்கைத் தள்ளிற்று. அதன் பின்னர் மாநில நீதிமன்றங்கள் பலவற்றில் வழக்குகள் நடந்து சில இடங்களில் நிலைமை சீர்பட்டது வேறு கதை.

வறுமையை அளக்கும் முறையும் ஒரு விந்தை. பிள்ளை பள்ளியில் இலவசமாகவோ குறைந்த விலையிலோ உண்கிறதா என்பதே நீண்ட காலம் அளவுகோலாக இருந்தது. குடும்ப வருமானம் வறுமைக் கோட்டின் 130 சதவிகிதத்துக்குள் இருந்தால் இலவசம். 185 சதவிகிதத்துக்குள் இருந்தால் குறைந்த விலை. நம் நாட்டுச் சத்துணவுக் கூடத்தில் தட்டேந்தி நிற்கும் பிள்ளையிடம் எவரும் வருமானச் சான்று கேட்பதில்லை, அங்கே கேட்டனர். 2010ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின், ஏழைகள் மிகுந்த பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்குமே இலவச உணவு அளிக்க வழி பிறந்தது. பசிக்கு அது நன்மை. ஆனால் உணவுத் தட்டைக் கொண்டு வறுமையை அளந்துவந்த ஆய்வாளரின் அளவுகோல் அன்றோடு முறிந்தது! பசித்த பிள்ளைக்குச் சோறிடுவதற்காக ஓர் அளவுகோல் முறிவதில் நமக்கு வருத்தமில்லை.

இனி, நம் உறவினர் பிள்ளைகள் விழும் கட்டத்திற்கு வருவோம். காயல்பட்டினத்திலிருந்தோ கீழக்கரையிலிருந்தோ நியூஜெர்சிக்குச் சென்ற ஒரு குடும்பத்தின் பிள்ளை, பள்ளி அறிக்கையில் 'ஆசியர்' ஆகிறது. மதம் கேட்கப்படுவதில்லை, தாய்மொழி தமிழ் என்பதற்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. அதே கட்டத்தில் சீன விஞ்ஞானியின் மகனும், 1975இல் முடிவுற்ற போருக்குப் பின் லாவோஸிலிருந்தும் கம்போடியாவிலிருந்தும் அகதிகளாக வந்தோரின் பேரப்பிள்ளைகளும் இருக்கின்றனர். அரபு நாட்டுப் பிள்ளையோ 'வெள்ளையர்' கட்டத்தில் எழுதப்பட்டு வந்தது. மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்க மரபினருக்குத் தனிக் கட்டம் வேண்டும் என்று அரசு விதியைத் திருத்தியது 2024 மார்ச்சில்தான்.

ஆசியர் கட்டத்தின் எண் பொதுவாக உயர்ந்தே நிற்கும். அதைக் கண்டு நம்மவர் பூரித்துப்போவதைக் கேள்விப்படுகிறோம். 'நம் பண்பாடே படிப்புப் பண்பாடு' என்று மேடைகளிலும் பேசப்படுகிறது. பூரிப்பதற்கு முன் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்திற்குப் பிறகு அமெரிக்கா நம் நாட்டினருக்குக் கதவைத் திறந்தபோது, பொறியாளரையும் மருத்துவரையும் பட்டதாரிகளையும் சல்லடையிட்டுச் சலித்தே எடுத்துக்கொண்டது. உறவு முறையில் பின்னர் வந்தோரும் பெரும்பாலும் அவர்களைச் சார்ந்தோரே. நம் ஊர்க் கடைத்தெருவில் சுமை தூக்கும் தொழிலாளிக்கு அந்த விசா கிடைப்பதில்லை. இரு பெற்றோரும் பட்டதாரிகளாயுள்ள வீட்டுப் பிள்ளை நன்கு படிப்பதில் வியப்பென்ன? சல்லடைக்குரிய புகழை இனத்துக்குச் சூட்டிக்கொள்கிறோம். அப்படிச் சூட்டிக்கொள்ளும்போது, அடிமைச் சந்தையில் விற்கப்பட்டோரின் வழிவந்த பிள்ளைகளுக்குரிய இகழையும் இனத்தின் மீதே சுமத்தச் சம்மதித்தவர்களாகிறோம். உயர்வு நம் இரத்தத்தில் இருக்கிறது என்றால் தாழ்வு அவர்கள் இரத்தத்தில் இருக்கிறது என்றுதானே பொருள்? அப்படிச் சொல்ல நம் நெஞ்சு துணியுமா?

அதே தராசில் நம்மை நிறுத்திப் பார்த்தோரும் உண்டு. இந்திய முஸ்லிம்களின் சமூக, பொருளாதார, கல்வி நிலையை ஆராய நீதிபதி ராஜிந்தர் சச்சார் தலைமையில் 2005 மார்ச்சில் ஒரு குழு அமைக்கப்பட்டு, 2006 நவம்பரில் அதன் அறிக்கை வந்தது. 2001ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில் நாட்டின் எழுத்தறிவு 64.8 சதவிகிதமாக இருக்க, முஸ்லிம்களின் எழுத்தறிவு 59.1 ஆக இருந்தது. ஆறு முதல் பதினான்கு வயதுவரையுள்ள முஸ்லிம் பிள்ளைகளில் நால்வரில் ஒருவர் பள்ளியையே காணாதவர், அல்லது இடையில் நின்றவர் என்று குழு கண்டது. 'நம் குறையை ஊரறியச் சொல்லத்தான் வேண்டுமா?' என்று நம்மில் சிலருக்கே மனம் சுருங்கியது. அந்தச் சுருக்கம் எட்ஜ்வுட் பெற்றோருக்கும் அட்லாண்டாவின் கறுப்புத் தாய்மாருக்கும் பழகிய சுருக்கமே.

ஆனால் அந்த அறிக்கை வேறு சிலவற்றையும் எண்ணிக் காட்டிற்று. முஸ்லிம்கள் தம் பிள்ளைகளை மதரஸாக்களுக்கு மட்டுமே அனுப்புகின்றனர் என்பது நாடெங்கும் பரவிக் கிடந்த ஒரு பேச்சு. பள்ளி வயது முஸ்லிம் பிள்ளைகளில் மதரஸாக்களில் பயில்வோர் 3 சதவிகிதமே என்று அறிக்கை காட்டியது. எண்ணாமல் விட்டிருந்தால் அந்தப் பேச்சு இன்னும் பல தலைமுறைக்கு எதிர்ப்பின்றி உலவியிருக்கும். இன்னொன்று: அதே 2001 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு முஸ்லிம்களின் எழுத்தறிவு 82.9 சதவிகிதம்; மாநிலத்தின் மொத்தமோ ஏறத்தாழ 73.5. ஒரே மதம், ஒரே பெயர். ஆனால் வேறு மாநிலம், வேறு வரலாறு, வேறு பள்ளிகள். நம் பின்னடைவுக்கு நம் மார்க்கமே காரணம் என்று சொல்லிவந்தோருக்கு இந்த ஓர் எண் போதுமான விடையாகும். நம்மவருள், வடநாட்டுச் சகோதரரைவிடத் தாம் இயல்பிலேயே மேலானவர் என்று எண்ணுவோர் உளராயின் அவர்களுக்கும் அதுவே விடை.

எனவே எண்ணுவதில் பாவமில்லை. அந்த எண்ணை யாரை நோக்கி நீட்டுகிறோம் என்பதில்தான் நீதியும் அநீதியும் பிரிகின்றன. கறுப்புப் பிள்ளைகள் பத்தில் இருவர் தேறினர் என்ற எண்ணை நிதி ஒதுக்குவோரிடமும், வட்டார எல்லை வரைவோரிடமும், ஆசிரியரை அனுப்புவோரிடமும் நீட்டினால் அது ஒரு கேள்வியாகும். அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். அதே எண்ணை அந்தப் பிள்ளையிடம் நீட்டினால், அது தீர்ப்பாகிவிடும். பதில் சொல்லும் வலிமை இல்லாதவரிடம் கேட்கப்படும் கேள்வி தண்டனையே.

நியாயமான முறையில் அளக்க முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷான் ரியர்டன் என்னும் ஆய்வாளர், நாடு முழுவதிலுமுள்ள கல்வி வட்டாரங்களின் தேர்வு முடிவுகளைத் திரட்டி, பிள்ளைகள் எந்த இடத்தில் நிற்கின்றனர் என்பதோடு நில்லாமல், ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு தூரம் நகர்ந்தனர் என்றும் கணக்கிட்டார். 2017இல் வெளியான அந்தக் கணக்கில், சிகாகோ நகரம் வியப்பை அளித்தது. ஏழைகளும் கறுப்பரும் ஸ்பானிய மரபினரும் நிறைந்த நகரம் அது. சராசரி மதிப்பெண் தாழ்ந்தது. பள்ளிகள் உருப்படாதவை என்ற பழிச்சொல் நெடுநாளாய் அதன் மீது இருந்தது. ஆனால் அங்கே மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையிலான ஐந்து ஆண்டுகளில், பிள்ளைகள் ஆறு ஆண்டுகளுக்கு நிகரான வளர்ச்சி கண்டிருந்தனர். வீட்டிலிருந்து கொண்டுவந்ததைச் சராசரி அளந்தது; பள்ளியில் பெற்றதை வளர்ச்சி அளந்தது. வீட்டு விளம்பரத்தைப் பார்த்து வீடு வாங்கியவர்கள், பின்தங்கிய பிள்ளையைத் தோளில் தூக்கி நடந்த ஆசிரியரை விட்டு விலகி ஓடியிருக்கக்கூடும்.

2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் குறைகளைச் சொல்வதாகக் கூறியிருந்தோம். பிரித்துக் காட்டு என்றதோடு அது நிற்கவில்லை. 2014ஆம் ஆண்டுக்குள் எல்லாப் பிரிவுகளிலும் நூற்றுக்கு நூறு பேர் தேற வேண்டும் என்றது. ஆண்டுதோறும் இலக்கை எட்டாத பள்ளிக்குப் படிப்படியாகத் தண்டனை வைத்தது. ஆசிரியரை மாற்றுவதும் பள்ளியின் பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைப்பதும் அத்தண்டனைகளுள் அடங்கும். வளர்ச்சியை அது பெரும்பாலும் பார்க்கவில்லை. கோட்டைத் தாண்டினாயா என்று மட்டுமே கேட்டது. ஆசிரியர் சிலர், கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து அவர்களுக்கே பாடுபட்டனர். வெகு கீழே கிடந்த பிள்ளையைத் தூக்கிவிட ஈராண்டு ஆகுமெனில், இந்த ஆண்டு அறிக்கையில் அதற்கு மதிப்பில்லை அல்லவா? எவருக்காகச் சட்டம் இயற்றப்பட்டதோ அவரே கைவிடப்பட்டனர். 2015 டிசம்பரில் வேறு சட்டம் வந்து இந்தக் கடுமையைத் தளர்த்தியது. ஆண்டுத் தேர்வும் பிரித்துக் காட்டும் விதியும் மட்டும் அப்படியே தொடர்ந்தன.

அதற்கு முன்னரே ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா நகரில் நடக்கக் கூடாதது நடந்துவிட்டது. அந்நகரின் ஏழ்மைமிக்க ஒரு பகுதியில் பார்க்ஸ் நடுநிலைப் பள்ளி இருந்தது. பிள்ளைகள் பெரும்பாலும் கறுப்பர். 2005இல் அப்பள்ளியின் எட்டாம் வகுப்பில் கணிதத்தில் தேறியோர் 24 சதவிகிதம். மறு ஆண்டு அது 86 சதவிகிதமாயிற்று. பாராட்டு குவிந்தது. ஏழைப் பிள்ளைகளாலும் முடியும் என்பதற்கு இதோ சான்று என்று பேசப்பட்டது. உண்மையில், பிள்ளைகள் எழுதி முடித்துச் சென்ற பிறகு ஆசிரியர்கள் விடைத்தாள்களை எடுத்து, தவறான விடைகளை அழித்துச் சரியான விடைகளைக் குறித்திருந்தனர். பார்க்ஸ் மட்டுமன்று. உள்ளூர்ச் செய்தித்தாள் ஐயம் எழுப்ப, விடைத்தாள்களில் அழித்து மாற்றப்பட்ட தடங்கள் கணக்கெடுக்கப்பட, மாநில அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. 2011இல் வெளியான விசாரணை அறிக்கை, ஆராயப்பட்ட 56 பள்ளிகளில் 44இல் மோசடி நடந்ததென்றும், 178 ஆசிரியரும் தலைமையாசிரியரும் அதில் ஈடுபட்டனரென்றும் கூறிற்று. 2013இல் 35 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. 2015 ஏப்ரலில் 11 பேர், திட்டமிட்ட குற்றக் கும்பல்களை ஒடுக்குவதற்கென இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ்க் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று.

அந்த ஆசிரியர்களுள் பணத்துக்காகச் செய்தவர் இருக்கலாம். பதவி போய்விடும் என்று அஞ்சிச் செய்தவர் பலர். பள்ளியை மூடிவிட்டால் இந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று கலங்கிச் செய்தவரும் இருந்தனர். நாம் அவர்களுக்காக வாதாட முன்வரவில்லை. பிள்ளையின் விடைத்தாள் அமானிதம். அதில் கைவைக்க எந்த நோக்கமும் அனுமதி தராது. ஆனால் எட்ட முடியாத இலக்கை விதித்து, அதற்குச் சோறும் மானமும் பணயம் என்று வைத்தவர்கள் எந்தக் கூண்டிலும் ஏற்றப்படவில்லை என்பதையும் நாம் காணாமல் இருக்க முடியாது.

மோசடியால் பள்ளி காப்பாற்றப்பட்டது, பிள்ளைகளுக்கு நட்டமில்லை என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். நட்டம் இருந்தது. பின்தங்கிய பள்ளிகளுக்கென்று அரசு தரும் பெருந்தொகையான உதவி, தேர்ச்சி உயர்ந்துவிட்டதாக ஏட்டில் பதிவானதால் பார்க்ஸ் பள்ளியின் கையை விட்டுப் போயிற்று. வாசிக்கத் தடுமாறிய பிள்ளைக்குத் தனிப் பயிற்சி கிடைத்திருக்க வேண்டும். அது தேறிவிட்டது என்று தாள் சொன்னதால் எவரும் அதனருகே அமரவில்லை. தன் விடைகள் மாற்றப்பட்டது அறியாமல், தான் தேர்ந்தவன் என்றே நம்பி, எட்டாம் வகுப்பைக் கடந்து உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைந்தது அப்பிள்ளை. உண்மை வெளியான பின் நகரக் கல்வித்துறை, விடைத்தாள் திருத்தப்பட்ட பிள்ளைகளைப் பெயர் பெயராகத் தேடி எடுத்து அவர்களுக்கென ஒரு பயிற்சித் திட்டத்தை ஏற்படுத்தியது. அதற்குள் அவர்களில் பலர் பள்ளிப் பருவத்தையே கடந்துவிட்டிருந்தனர்.